என்காவுக்குப் பழகிய தொண்டை: மிசுகி நானாவின் பாதை

ஜப்பானியப் பாடகியும் குரல் நடிகையுமான மிசுகி நானா பாடிய பாட்டு எதையாவது போட்டு, வரி முடிகிற இடத்தில் அவர் இழுக்கும் சுரத்தை மட்டும் கவனித்துக் கேளுங்கள். முதலில் குரல் கொஞ்சமும் அசையாமல் நேராக நிற்கும். மூச்சு தீரப் போகிறது என்று நமக்குத் தோன்றும் நேரத்தில் அலை எழும். அகலமாக, சீராக, சுரம் அறுபடும் வரை அது நீடிக்கும். அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களுக்குப் பாட்டு பாடுகிறவர்களில் பலர் அந்த இடத்தைக் காற்றோடு கரைத்துவிடுவார்கள், இல்லையென்றால் சட்டென்று வெட்டிவிடுவார்கள். இவர் நிறுத்தி, ஆட்டி, முடிக்கிறார். அது என்காவின் பழக்கம். 25 ஆண்டைக் கடந்த இவருடைய தொழில் வாழ்க்கையை அந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம் என்பது என் எண்ணம்.

என்கா ஜப்பானின் பழைய மெல்லிசை வகை. துறைமுகம், பனி, மதுக்கடை, விட்டு வந்த ஊர், திரும்பி வராத ஆள் என்று அதன் பாடுபொருள் பெரும்பாலும் பிரிவுதான். அதில் மேஜர் வகைப் பாட்டுகள் பலவற்றின் சுரவரிசை ‘யோனானுகி’. நாலாவது சுரத்தையும் ஏழாவது சுரத்தையும் எடுத்துவிட்ட வரிசை அது. நம் காதுக்கு அது வேறொன்றும் இல்லை, மோகனத்தின் அதே ஐந்து சுரங்கள். அசைவுதான் வேறு. ‘கோபுஷி’ என்று ஒரு நுட்பம் உண்டு. ஓர் எழுத்துக்குள் குரலை மின்னலாக மேலே கீழே சுழற்றி இறக்குவது. நம் பிருகாவைக் கேட்டவர்களுக்கு உடனே பிடிபடும், ஆனால் அதைவிடச் சின்னது, ஒரு சிமிட்டல்தான். கூடவே, சுரத்தைக் கொஞ்சம் கீழிருந்து தொட்டு ஏற்றும் ‘ஷகுரி’. சில என்கா பாட்டுகளில் சரணங்களுக்கு நடுவே பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு வசனம் பேசுவார். கப்பலேறிப் போனவனுக்காகக் காத்திருக்கும் பெண்ணாக நாலு வரி பேசிவிட்டு மறுபடியும் பாட்டுக்குள் நுழைவார். ஒரு பாட்டுக்குள் ஓர் ஆளாகவே மாறி நிற்கும் இந்தப் பயிற்சி பின்னால் எதற்கு உதவியது என்று விளக்க வேண்டியதில்லை.

நானா பிறந்தது 1980 ஜனவரி 21, ஷிகோகு தீவில் எஹிமே மாநிலத்தின் நீஹாமா நகரத்தில். சுமிடோமோ குழுமத்துக்கு அடித்தளம் போட்ட பெஷ்ஷி செப்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர் அது. சுரங்கம் 1691 முதல் 1973 வரை ஓடியது. நானாவின் தந்தை செயற்கைப் பல் செய்யும் தொழில்நுட்பர். அதோடு கரோக்கே வகுப்பும் நடத்தினார். மகளை என்கா பாடகியாக்கியே தீருவது என்று 5 வயதிலேயே பயிற்சியைத் தொடங்கிவிட்டார். போட்டி மேடைகள், பரிசுகள் என்று வளர்ந்து, கலைத்துறைப் பிள்ளைகள் படிக்கும் டோக்கியோ ஹொரிகோஷி உயர்நிலைப் பள்ளிக்கு நானா தனியாகப் போய்ச் சேர்ந்தார். போனது என்காவுக்காக. ஆனால் தொண்ணூறுகளின் இறுதியில் இளம் என்கா பாடகிக்கான கதவு கிட்டத்தட்ட மூடியே இருந்தது. யோயோகி அனிமேஷன் பயிற்சிக்கூடத்தில் குரல் நடிப்பு படித்து, 1998-ல் ‘நோயெல்: லா நெய்ஜ்’ என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டில் கதோகுரா சிசாதோ என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்து ‘செய்யூ’ ஆனார். குரல் நடிகரை ஜப்பானியர் செய்யூ என்பார்கள்.

அங்கே படிப்பது என்னவென்று கொஞ்சம் சொன்னால்தான் இந்த மாற்றத்தின் கடினம் தெரியும். முதல் பாடம் உச்சரிப்பு. அ-எ-இ-உ-எ-ஓ-அ-ஓ என்று உயிரெழுத்துகளை வாய்த்தசை வலிக்கும் வரை வரிசையாகச் சொல்வது, பிறகு கா, சா, தா என்று எல்லா வரிசைக்கும் அதையே செய்வது. அடுத்தது ‘உய்ரோஉரி’. ஜப்பானின் மரபு நாடகமான கபுகியில் மருந்து விற்பவன் பேசும் நீண்ட நாநெகிழ் வசனம் அது. 1718-ல் மேடையேறியது, இன்றும் குரல் பயிற்சி மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். மூன்றாவது, சொல்லின் ஏற்ற இறக்கம். ஷிகோகுக்காரர்களை வாட்டுவது இதுதான். ஜப்பானிய மொழியில் ‘ஹஷி’ என்றால் பாலமும் உண்டு, சாப்பிடும் குச்சியும் உண்டு. டோக்கியோவில் முதல் அசையை உயர்த்தினால் குச்சி, இரண்டாவதை உயர்த்தினால் பாலம். கியோத்தோ, ஒசாகா வழக்கில் இது அப்படியே தலைகீழ். ஷிகோகுவின் பெரும்பகுதியிலும் பேச்சு அந்தப் பக்கத்து ராகத்தோடு சேர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைப் பார்த்து, ஸ்கிரிப்ட்டில் கோடு போட்டு, பழகிய நாக்கைத் திருப்ப வேண்டும். உணர்ச்சி கூடும் காட்சியில்தான் பழைய ராகம் எட்டிப் பார்க்கும். ஒலி இயக்குநர் அப்போது டேக்கை நிறுத்துவார்.

பள்ளி முடித்ததும் வேலை கிடைத்துவிடாது. முகமைகள் நடத்தும் பயிற்சிக்கூடம், அதில் தேர்வு, பிறகு ‘அசுகாரி’ என்ற தற்காலிகச் சேர்க்கை, அதற்கும் பிறகுதான் உறுப்பினர் நிலை. சம்பளம் தரவரிசைப்படி. 30 நிமிட நிகழ்ச்சிக்குப் புதியவரின் தொகை 15,000 யென். இதில் கதாநாயகியாக 200 வரி பேசினாலும் கடைக்காரராக ஒரு வரி பேசினாலும் தொகை ஒன்றே. அனுபவம் ஏற ஏறத் தரம் 45,000 வரை போகும், அதற்கு மேல் பேசித் தீர்த்துக்கொள்வது. முகமை 20 சதவீதம் எடுத்தால் புதியவருக்கு மிச்சம் 12,000. அதில் வருமான வரிப் பிடித்தம் 10.21 சதவீதம், அதாவது 1,225 யென். கைக்கு வருவது 10,775. வாரம் ஒரு தொடர் கிடைத்தாலே அதிர்ஷ்டம், ஆகவே மாதம் நாலு முறை, ஏறக்குறைய 43,000 யென். டோக்கியோவில் ஒற்றை அறை வாடகைக்கே அது போதாது. தரம் உயர்ந்தால் வாழ்வு செழிக்கும் என்றும் சொல்ல முடியாது. தயாரிப்பாளருக்கு ஒரே பட்ஜெட்டில் மூன்று புதியவர்கள் கிடைப்பார்கள் என்பதால், தரம் ஏறிய வருடமே வேலை குறைந்துபோனவர்கள் உண்டு. செய்யூக்கள் பாட்டு, வானொலி, மேடை என்று பல கால்களில் நிற்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். புகழாசை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இனி ஒலிப்பதிவு அறைக்குள் போவோம். நம்மூர் டப்பிங் தியேட்டரில் பெரும்பாலும் ஆளுக்கொருவராக வந்து பேசிவிட்டுப் போவார்கள். ஜப்பானில், கொரோனா காலத்துக்கு முன்பு வரை, ஒரு அத்தியாயத்தின் நடிகர்கள் எல்லோரும் ஒரே அறையில் கூடிப் பதிவு செய்வதுதான் முறை. படத்துக்குக் குரல் பதியும் இந்த வேலைக்குப் பெயர் ‘அஃபுரெகோ’. காலைப் பதிவு 10 மணிக்கு, மாலைப் பதிவு 4 மணிக்குத் தொடங்கும். எதிரே திரை, நடுவில் மூன்று அல்லது நாலு மைக், சுவரோரம் வரிசையாக நாற்காலி. 15 பேர் இருந்தால் 15 பேரும் அந்த நாலு மைக்குக்குள் வரவேண்டும். யாருடைய வரி எப்போது முடிகிறது, எந்த மைக் காலியாகிறது, அடுத்து தான் எதற்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே ஸ்கிரிப்ட்டில் குறித்துக்கொள்வார்கள். ஒரே காட்சியில் ஆறு பேர் பேசினால் மைக்கிலிருந்து விலகுவதும் அடுத்தவர் நுழைவதும் ஒரு நடனம் போல நடக்கும். காலடிச் சத்தம் கேட்கக் கூடாது. புதியவர் தடுமாறி மூத்தவரின் மைக்கை மறைத்துவிட்டால் டேக் போச்சு.

திரையில் ஓடுவது பெரும்பாலும் முடிந்த படமாக இருக்காது. கோட்டோவியம், சில நேரம் வெறும் ஸ்டோரிபோர்டு. பாத்திரத்தின் பெயர் எழுதிய ஒரு பட்டை தோன்றும், அது மறையும் வரை பேச வேண்டும். இதுவே வாயசைவுக்கு மாற்று. முதலில் ஒரு முறை ஒத்திகை, ஒலி இயக்குநரின் திருத்தம், கடைசி ஒத்திகை, பிறகு ‘ஹொன்பான்’, அதாவது உண்மைப் பதிவு. இது முதல் பாதிக்கு ஒரு தடவை, பின் பாதிக்கு ஒரு தடவை. பிறகு ஒருவர் மேல் ஒருவர் பேசும் வரிகளைத் தனித்தனியாக எடுப்பார்கள். கடைசியில் கூட்டச் சத்தம். சந்தை இரைச்சல், வகுப்பறை முணுமுணுப்பு எல்லாம் இளையவர்கள் வாயிலிருந்துதான் வரும்.

கெட்டுப்போகும் விதங்கள் பல. முதல் எதிரி காகிதம். ஸ்கிரிப்ட்டின் பக்கத்தை மைக்குக்கு நேராகப் புரட்டினால் சரசரப்பு பதிவாகும். அதனால் புரட்டும்போது புத்தகத்தை மைக்கின் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய், ஓரத்தைப் பிடித்து உருட்டுவது போல் திருப்புவார்கள். இரண்டாவது, வயிறு. காலி வயிற்றின் உறுமல் மெல்லிய காட்சியில் தெளிவாகக் கேட்கும், நிறையச் சாப்பிட்டால் மூச்சு இறங்காது. ஆகவே அளவாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். நைலான் சட்டை உரசும், வளையல் மணிக்கும், இரண்டையும் போட மாட்டார்கள். வாய் வறண்டால் நாக்கும் அண்ணமும் பிரியும்போது ‘டிக்’ என்று ஒரு ஒலி வரும், அதற்கு ஒரு வாய் தண்ணீர்தான் மருந்து. ப, ப்ய போன்ற எழுத்துகளின் காற்று மைக்கில் மோதினால் ‘புஃக்’ என்று அடிக்கும், அதற்கு மைக்கைச் சற்று ஓரமாகப் பார்த்துப் பேச வேண்டும்.

வீடியோ கேம் பதிவு இன்னும் கடினம். அங்கே எதிரே ஆளில்லை, படமும் இல்லை. அட்டவணையில் நூற்றுக்கணக்கான வரிகள். சின்ன அடி, நடுத்தர அடி, பெரிய அடி, வலி, விழுந்து சாவது என்று முக்கலும் முனகலும் அலறலுமாகத் தனிப் பட்டியல் இருக்கும். அதைக் கடைசிக்கு வைப்பார்கள். முதலில் எடுத்தால் தொண்டை கிழிந்து மற்ற வரிகள் கரகரத்துவிடும். மறுநாள் பாட்டுப் பதிவு இருக்கும் ஒரு பாடகிக்கு இது எவ்வளவு ஆபத்து என்று நினைத்துப் பாருங்கள். நடிப்புக்கு வேண்டிய அலறலும் பாட்டுக்கு வேண்டிய தெளிவும் அதே இரண்டு குரல்நாண்களிலிருந்து வர வேண்டும். நானாவின் நாட்காட்டியில் இரண்டும் அடுத்தடுத்து இருந்த காலம் நீண்டது.

பாடகியாக முதல் சிங்கிள் ‘ஒமோய்’. 2000 டிசம்பர் 6-ல் கிங் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘சூப்பர்சானிக் கேர்ள்’ என்ற முதல் ஆல்பம். அந்த ஆண்டுகளின் பதிவுகளில் குரல் இருக்கிறது, வடிவம் இல்லை. பாப்புக்கு ஏற்றபடி அலையை அடக்கச் சொன்னது போல் ஒரு தயக்கம் என் காதுக்குக் கேட்கிறது. வடிவம் கிடைத்தது 2004-க்குப் பிறகு, ‘லிரிகல் நனோஹா’ என்ற தொடரில். அதில் நானாவின் பாத்திரம் ஃபேட். முதலில் எதிரியாக வந்து தோழியாகும் சிறுமி. தாழ்ந்த, அடக்கிய, சொல்லை எண்ணி எண்ணிப் பேசும் குரல். தொடக்கப் பாட்டு ‘இன்னசென்ட் ஸ்டார்ட்டர்’ ஜப்பானின் இசை விற்பனைப் பட்டியலான ஒரிகானில் முதல் பத்துக்குள் நுழைந்தது. 2005 அக்டோபரில் இரண்டாம் பாகத்தின் தொடக்கப் பாட்டு ‘எடர்னல் பிளேஸ்’ வாரப் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. இசை அகேமட்சு நோரியாசு, வரிகள் நானாவே எழுதியவை.

அந்தப் பாட்டை ஒரு முறை கிட்டப் போய்ப் பார்க்கலாம். அனிமே தொடக்கக் காட்சிக்கு ஒதுக்கிய நேரம் 90 நொடி. அதில் தலையிலும் வாலிலும் அரை நொடி, அதாவது 12 ஃபிரேம், ஒலியே இருக்கக் கூடாது. மிச்சம் 89 நொடி. முகவுரை, பல்லவிக்கு ஏறும் படி, பல்லவி, முடிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். வழக்கமான இசையமைப்பாளர் ஒரு நொடியையும் வீணாக்காமல் தாளத்தோடு பாய்வார். அகேமட்சு தலைகீழாகச் செய்தார். பாட்டு மெதுவாக, கோயில் பாட்டு போல, குரலை முன்னிறுத்தித் தொடங்குகிறது. அந்த விலை உயர்ந்த 89 நொடியில் தாளமே வராமல் ஒரு பகுதி போகிறது. வெறும் குரலை அப்படி நிறுத்தி வைக்க, நீண்ட சுரத்தைத் தாங்கும் பாடகி வேண்டும். கிசுகிசுப்பான குரலை அங்கே வைத்தால் பாட்டு சரிந்துவிடும். பிறகு டிரம்ஸும் வயலினும் கிதாரும் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது, அதே குரல் அந்தச் சுவரின் மேல் ஏறி நிற்கிறது. இங்கேதான் என்காத் தொண்டைக்குத் தன் வீடு கிடைத்தது. அகேமட்சுவின் எலிமென்ட்ஸ் கார்டன் குழு அதன் பிறகு நானாவுக்கு எழுதிய பாட்டுகளில் வேகத்துக்கு மேல் நீண்ட சுரம் என்ற அமைப்பு திரும்பத் திரும்ப வரும். கீழே தாளம் பதினாறாக ஓடும், மேலே குரல் பறவை போல் மிதக்கும்.

நடிப்பிலும் அந்தக் கட்டுப்பாடு வேறு வடிவில் உதவியது. நருட்டோ என்ற நிஞ்சா தொடர் தமிழ்நாட்டிலும் பலருக்குப் பழக்கம், அதில் 2002 முதல் ஹினாட்டா என்ற கூச்சக்காரப் பெண்ணாகப் பேசுவது நானாதான். டோம் அரங்கையே நிரப்பும் குரல் அங்கே ஒரு நூலளவுக்குச் சுருங்குகிறது. கூச்சத்தில் தடுமாறி, ‘ந… நருட்டோ-குன்’ என்னும் அந்த அழைப்பில் பாதி மூச்சு, பாதிதான் குரல். மெல்லப் பேசுவது எளிது என்று நினைப்பவர்கள் முயன்று பார்க்கலாம். மூச்சைக் கூட்டினால் சொல் மங்கும், சொல்லைத் தெளிவாக்கினால் கூச்சம் போய்விடும். மைக்குக்கு மிக நெருங்கினால் காற்று அடிக்கும். வயிற்றிலிருந்து மூச்சைப் பிடித்து, உதட்டில் மட்டும் சிறிது விடத் தெரிந்தவருக்கே இது வரும்.

2008-ல் ‘ரொசாரியோ + வேம்பயர்’ தொடரில் மோக்கா. கழுத்திலிருக்கும் ரொசாரியோ சிலுவை கழன்றால் இனிமையான பெண் மறைந்து கர்வமான இன்னொருத்தி வருவாள். இரண்டும் நானா. தொடக்கப் பாட்டும் நானா. 2010-ல் ‘ஹார்ட்கேட்ச் பிரிக்யூர்’ தொடரின் கியூர் பிளாசம். வெள்ளந்தியான, உயர்ந்த சுருதிக் குரல். சிறுமிகள் பார்க்கும் ஞாயிறு காலைத் தொடர் அது.

எனக்கு மிகவும் பிடித்த வேலை 2012-ல் தொடங்கி 2019 வரை 5 பாகங்கள் ஓடிய ‘சிம்ஃபோகியர்’. அகேமட்சுவும் கனெகோ அகிஃபுமியும் உருவாக்கியது. பாடிக்கொண்டே சண்டை போடும் பெண்களின் கதை, பாட்டு நின்றால் கவசம் பலமிழக்கும். நானாவின் பாத்திரம் கசனாரி சுபாசா, கதைக்குள்ளும் புகழ்பெற்ற பாடகி, சாமுராய் போல் விறைப்பாகப் பேசுபவள். சுலபமான வழி, ஸ்டுடியோவில் சுத்தமாகப் பதிந்த பாட்டைச் சண்டைக்குக் கீழே ஓடவிடுவது. இவர்கள் அப்படிச் செய்யவில்லை. சண்டைக் காட்சிக்கான பாட்டை டப்பிங் பதிவிலேயே, படத்தைப் பார்த்தபடி, பாத்திரமாகவே புதிதாகப் பாடினார்கள். வாள் மோதினால் சுரம் அறுபடும். அடி வாங்கினால் வரியின் நடுவில் முனகல் வரும். எழுந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து ஓடும், ஆனால் தாளம் காத்திருக்காது. பாடுகிறவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்து சரியான அடியில் திரும்ப ஏற வேண்டும். சுருதி சுத்தமாக இருந்தால் சண்டை பொய்யாகும், சுருதி விலகினால் பாட்டு போய்விடும். குறுந்தகட்டில் வந்த பாட்டையும் தொடரில் வரும் அதே பாட்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், செய்யூ பாடகி என்ற இரட்டைச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று இரண்டே நிமிடத்தில் விளங்கும்.

பட்டியல் சாதனைகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 2005 ஜனவரி 2, டோக்கியோவின் நிப்பான் புடோகான் அரங்கில் கச்சேரி. 2009 ஜூன் 3-ல் வந்த ‘அல்டிமேட் டயமண்ட்’, ஒரிகான் வார ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் செய்யூ ஆல்பம். 2010 ஜனவரியில் ‘ஃபேன்டம் மைண்ட்ஸ்’, சிங்கிள் பட்டியலிலும் அதே முதல். 2011 டிசம்பர் 3, 4 தேதிகளில் டோக்கியோ டோம் என்ற கூரையிட்ட பேஸ்பால் அரங்கு, தனிக் கச்சேரியாக அங்கே நின்ற முதல் செய்யூ. 2016 செப்டம்பர் 22, கோஷியென் பேஸ்பால் மைதானம்.

இவற்றைவிடக் கனமானது 2009 டிசம்பர் 31. அன்று ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே-யின் 60-ஆவது கோஹாக்கு பாட்டுப் போட்டி. புத்தாண்டுக்கு முந்தின இரவு ஜப்பானே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. என்கா பாடகருக்கு அந்த மேடைதான் சிகரம். கோஹாக்குவில் பாடியவர் என்ற ஒரு வரி, ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போகிறவரின் மதிப்பையே மாற்றிவிடும். நானா அந்த இரவு பாடியது ‘ஷின்-ஐ’, ‘வைட் ஆல்பம்’ தொடரின் தொடக்கப் பாட்டு. அதில் நானா குரல் கொடுத்த ஒகதா ரினாவும் பாடகிதான். 5 வயதில் என்காவைத் தொடங்கிவைத்த தந்தை முந்தைய ஆண்டு, 2008-ல் மறைந்திருந்தார். என்காவைக் கொண்டு ஏற நினைத்த மேடைக்கு அனிமே பாட்டைக் கொண்டு ஏறினார் மகள். அந்தப் பாட்டின் மெதுவான பல்லவியில் கடைசிச் சுரங்களின் அலையை யாரும் அடக்கச் சொல்லவில்லை. 2014 வரை தொடர்ந்து 6 ஆண்டு அழைத்தார்கள்.

நானாவின் பாட்டுகளில் நிறைய நானாவே எழுதியவை என்பதற்குக் கலை காரணம் போலவே வரவு செலவுக் காரணமும் உண்டு. ஜப்பானில் இசைத்தட்டு விற்றால், வரி நீங்கலான விலையில் 6 சதவீதம் பாட்டின் காப்புரிமைக்காக ஜாஸ்ராக் அமைப்பு வழியாகப் போகும். 1,000 யென் தட்டில் இரண்டு பாட்டு இருந்தால் ஒரு பாட்டுக்கு 30 யென். வெளியீட்டாளர் பங்கு போக மிச்சத்தைப் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் பிரித்துக்கொள்வார்கள். பாடுகிறவருக்கு அதில் ஒன்றும் இல்லை, அவருக்குத் தனி ஒப்பந்தப்படி சிறு விழுக்காடுதான். தொலைக்காட்சியில் ஒலித்தாலும், கரோக்கே கடையில் யாராவது பாடினாலும் எழுதியவருக்குக் காசு வரும். குரல் வயதாகலாம், வரி வயதாகாது.

மேடைக்கு வருவோம். டோம் அரங்கு பாடகருக்கு நட்பானதல்ல. டோக்கியோ டோமில் பந்தடிக்கும் இடத்திலிருந்து நேர் எதிர் வேலி வரை 122 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஆகவே அந்தத் தொலைவைக் கடக்க 0.36 நொடி. நிமிடத்துக்கு 170 அடி வேகத்தில் ஓடும் பாட்டில் ஓர் அடி 0.35 நொடி. கணக்கு போட்டால் பின்வரிசைக்காரர் ஒரு முழு அடி தாமதமாகக் கேட்கிறார். அவருடைய கைதட்டல் மேடைக்குத் திரும்பி வருவதற்குள் இரண்டு அடி போய்விடும். அந்தத் தட்டலைக் கேட்டுப் பாடினால் பாடகி வாத்தியக் குழுவை விட்டு விலகிவிடுவார். அதனால் காதுக்குள் மானிட்டர் அடைத்து, அதில் வரும் தாளத்தை மட்டும் நம்பிப் பாட வேண்டும். கூரையில் மோதித் திரும்பும் ஒலி வேறு. வேகமான சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழம்பிப் போகும், நீண்ட சுரம் மட்டும் தன் எதிரொலியோடு சேர்ந்து பெருகும். ‘எடர்னல் பிளேஸ்’ போன்ற பாட்டுகள் டோமில் ஏன் மற்றவற்றைவிடப் பெரிதாகக் கேட்கின்றன என்பதற்கு என்னிடம் உள்ள விளக்கம் இதுதான். கோஷியெனில் மைதானத்துக்கு மேல் கூரை கிடையாது. அங்கே எதிரொலியின் உதவியும் இல்லை, காற்று ஒலியைத் தள்ளிக்கொண்டு போகும்.

ரசிகர்கள் பக்கமும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. நானாவின் கச்சேரியில் அரங்கம் நீலமாக இருக்கும், அவருக்குரிய நிறம் அது. பாட்டரி விளக்கைத் தவிர, முறித்தால் ஒளிரும் ரசாயனக் குச்சி ஒன்று அனிமே பாட்டுக் கச்சேரிகளில் உண்டு. அதில் ‘அல்ட்ரா ஆரஞ்சு’ என்ற வகை மிகப் பிரகாசமானது, ஆனால் 5 நிமிடம் போல்தான் எரியும். ஏறக்குறைய ஒரு பாட்டு. எதற்காக முறிப்பது என்று ரசிகர் முன்பே முடிவு செய்ய வேண்டும். அறிமுக இசையிலேயே முறித்தால் கடைசிப் பல்லவிக்குள் மங்கிவிடும். தெரிந்தவர்கள் தாளம் வெடிக்கும் அந்த நொடி வரை குச்சியை இரண்டு கையிலும் பிடித்துக் காத்திருப்பார்கள்.

2017 கோடையில் நானா டோக்கியோவின் இம்பீரியல் தியேட்டரில் ‘பியூட்டிஃபுல்’ இசை நாடகத்தில் அமெரிக்கப் பாடகியும் பாடலாசிரியருமான கரோல் கிங்காக நடித்தார், பாடகி ஹிரஹரா ஆயகாவோடு மாறி மாறி. கரோல் கிங்கின் பாட்டு பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது. சுரத்தை இழுத்து ஆட்டுவதற்கு அதில் இடம் குறைவு, பியானோவில் உட்கார்ந்து ஒருத்தி தன் பாட்டைச் சொல்வது போல் வர வேண்டும். 5 வயது முதல் பழகிய அலையைக் கையில் வைத்துக்கொண்டே அதை எடுக்காமல் இருப்பது வேறு வகையான உழைப்பு.

அதே ஆண்டு ஏப்ரலில் நருட்டோவின் தொடர்ச்சியான ‘போருட்டோ’ தொடங்கியது. 15 ஆண்டுக்கு முன் தடுமாறிய ஹினாட்டா அதில் இரண்டு பிள்ளைகளின் தாய். நானா குரலின் சுருதியைக் கொஞ்சம் இறக்கி, சொற்களுக்கு நடுவே இருந்த தயக்கத்தை எடுத்துவிட்டார். கணவனை அழைப்பது மட்டும் இன்னும் ‘நருட்டோ-குன்’தான். அந்தப் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு எடுப்பது கேட்கிறது, 2002-ல் எடுத்த அதே இடத்தில்.